ஒரே கிளிக்கில் மாறிவிட முடியுமா?

"கூகுளின் குரோம் பிடிக்கவில்லையென்றால் ஒரே கிளிக்கில் வேறு பிரவுசருக்குப் போய்விடலாம், அந்தப் பயமே நிறுவனத்தை நேர்மையாக வைத்திருக்கும்" என்கிறார்கள். இந்த வாதம் நிற்காது.

ஒன்று. மாறுவது அவ்வளவு எளிதென்றால், போன்களிலும் பிரவுசர்களிலும் டீஃபால்ட் தேடுபொறியாக இருப்பதற்கு 2021இல் மட்டும் 2,630 கோடி டாலரை கூகுள் ஏன் கொடுத்தது? அமெரிக்க நீதிமன்றத்தில் வெளிவந்த கணக்கு இது. வந்தபடியே வைத்துக்கொள்பவர்கள்தான் அதிகம். பணம் கொடுத்தவருக்கு அது தெரியும். கூகுள் தன் ஏகபோகத்தைச் சட்டவிரோதமாகக் காத்துக்கொண்டது என்றே 2024 ஆகஸ்டில் அந்த வழக்கின் நீதிபதி அமித் மேத்தா தீர்ப்பளித்தார்.

இரண்டு. மாறி எங்கே போவது? சஃபாரிக்கா? அதன் உரிமையாளரான ஆப்பிளுக்கு 2022இல் கூகுள் கொடுத்தது ஏறக்குறைய 2,000 கோடி டாலர். ஃபயர்ஃபாக்ஸுக்கா? மொசில்லாவின் வருமானத்தில் பெரும்பகுதி கூகுள் தருவதுதான். எதிராளிக்கே படியளப்பவரிடம் என்ன போட்டிப் பயம் இருக்கும்?

மூன்று, வாக்குறுதி. தளத்துக்குத் தளம் நம்மைப் பின்தொடரும் மூன்றாம் தரப்பு குக்கிகளை குரோமில் ஒழிப்பதாக கூகுள் 2020 தொடக்கத்தில் சொன்னது. தள்ளித் தள்ளிப்போட்டு 2024இல் பின்வாங்கியது. சஃபாரி அவற்றை 2020 மார்ச்சிலேயே முழுவதுமாகத் தடுத்துவிட்டது. விளம்பரத்தில் பிழைக்காத பிரவுசருக்கு முடிந்தது குரோமுக்கு ஏன் முடியவில்லை?