விருந்தாக வந்த பிள்ளைகள்

இளையோர் ஒலிம்பிக் என்றொரு போட்டி இருப்பதே நம்மில் பலருக்கு நினைவில் இருப்பதில்லை. பெரிய ஒலிம்பிக்கின் பதக்கப் பட்டியலை நள்ளிரவுவரை விழித்திருந்து பார்க்கிறவர்கள்கூட, 2010இல் சிங்கப்பூரிலும் 2014இல் சீனத்தின் நான்ஜிங்கிலும் 2018இல் அர்ஜென்டினாவின் புவெனஸ் ஐரிஸிலும் பிள்ளைகளுக்கான ஒலிம்பிக் நடந்தது என்று சொன்னால் 'அப்படியா?' என்கிறார்கள். இந்த மறதியைப் பற்றி எனக்குப் பெரிய வருத்தமில்லை. அதிகம் கவனிக்கப்படாமல் இருப்பது அந்தப் போட்டிக்கு நல்லது என்றே நினைக்கிறேன். ஆனால் 2023 அக்டோபரில் மும்பையில் கூடிய பன்னாட்டு ஒலிம்பிக் குழுவின் அமர்வைத் தொடங்கிவைத்த இந்தியப் பிரதமர், 2036 ஒலிம்பிக்கை இங்கே நடத்த முயல்வோம் என்றதோடு, இளையோர் ஒலிம்பிக்கை நடத்தவும் இந்தியா ஆவலாக இருக்கிறது என்றார். ஆகவே பிறர் எப்படி நடத்தினார்கள் என்று பார்த்துவைப்பது நமக்கும் பயன்படும்.

இந்தப் போட்டியை உருவாக்கியவர் என்று ழாக் ரோக்கைச் சொல்லலாம். பெல்ஜியத்தைச் சேர்ந்த எலும்பு மருத்துவர். இளமையில் பாய்மரப் படகுப் போட்டிகளில் கலந்துகொண்டவர். 2001 முதல் 2013 வரை பன்னாட்டு ஒலிம்பிக் குழுவின் தலைவர். 2007 ஜூலையில் குவாட்டமாலா நகரில் கூடிய குழு அவருடைய யோசனையை ஏற்றுக்கொண்டது. பிள்ளைகள் மைதானத்தை விட்டுத் திரைகளுக்கு முன்னால் உட்கார்ந்துவிட்டார்கள் என்ற கவலை அவருக்கு இருந்தது. 14 முதல் 18 வயதுவரை உள்ளவர்கள் ஓர் ஊரில் கூடவேண்டும். தம் ஆட்டம் முடிந்தவுடன் மூட்டை கட்டிவிடாமல் கடைசி நாள்வரை தங்கவேண்டும். ஆட்டத்தோடு ஒருவரையொருவர் அறிந்துகொள்ளவும் வேண்டும். இதற்கென்று புதிய அரங்கங்கள் எழுப்பக்கூடாது. மொத்தச் செலவு சுமார் 3 கோடி அமெரிக்க டாலருக்குள் அடங்கும் என்பது அன்றைய மதிப்பீடு.

இங்கே ஒரு சொல்லைப் பற்றிக் கொஞ்சம் சொல்ல வேண்டும். தமிழாசிரியனின் பழக்கம், பொறுத்துக்கொள்க. இத்தகைய நாட்டை நம் செய்தித்தாள்கள் 'போட்டியை நடத்தும் நாடு' என்று எழுதுகின்றன. நடத்துதல் என்பது நிர்வாகச் சொல். கூட்டத்தை நடத்துகிறோம், கடையை நடத்துகிறோம், தேர்வை நடத்துகிறோம். நம்மிடம் இதற்கு இன்னொரு சொல்லும் உண்டு; வள்ளுவர் ஓர் அதிகாரமே அதற்கு ஒதுக்கினார். விருந்து என்றால் பழந்தமிழில் புதுமை. அதனால் புதிதாக வந்தவர். ஓம்புதல் என்றால் காத்தல், பேணி வளர்த்தல். வளர்ந்தவர்கள் வரும் போட்டியை நடத்தினால் போதும் என்று வைத்துக்கொண்டாலும், பிறர் வீட்டுப் பிள்ளைகள் வரும் போட்டியை ஓம்பத்தான் வேண்டும். எங்கள் கல்லூரியில் ஒருமுறை பல்கலைக்கழக அளவிலான கபடிப் போட்டி நடந்தது. வெளியூர் அணிகள் வகுப்பறைகளில் பெஞ்சுகளைச் சேர்த்துப்போட்டுப் படுத்துக்கொண்டன. அடுத்த ஆண்டு வேறோர் ஊரில் அவர்களைச் சந்தித்தபோது அவர்கள் விசாரித்தது எங்கள் மைதானத்தை அல்ல, கோப்பையையும் அல்ல. இரவு ஒன்பது மணிக்கு மேலும் சோறு எடுத்துவைத்திருந்த விடுதிச் சமையல்காரரை.

சிங்கப்பூர் 2008 பிப்ரவரியில் மாஸ்கோவை 53க்கு 44 என்ற வாக்குக் கணக்கில் வென்று முதல் போட்டியைப் பெற்றது. தயாராவதற்கு இரண்டரை ஆண்டுகள்தான் இருந்தன. சிறிய நாடு, கணக்கில் கறாரான நாடு. தொடக்கத்தில் சொல்லப்பட்ட செலவு சுமார் 10.4 கோடி சிங்கப்பூர் வெள்ளி. இறுதியில் அது 38.7 கோடி வெள்ளியாயிற்று. நாடாளுமன்றத்தில் கேள்வி எழுந்தது, 2011 பொதுத்தேர்தல் பிரசாரத்திலும் பேசப்பட்டது. ஊழல் என்று எவரும் நிறுவவில்லை. முன்மாதிரி இல்லாத ஒன்றுக்குத் தொகை குறித்ததில் பிழை என்றே வைத்துக்கொண்டாலும், அத்தகைய நாட்டிலேயே கணக்கு நான்கு மடங்கை நெருங்கியது என்பது மற்றவர்களுக்கு ஓர் எச்சரிக்கை. உலகம் பார்க்கிறது என்ற எண்ணம் வந்துவிட்டால் எவருக்கும் கை அடங்குவதில்லை. மரினா விரிகுடாவின் மிதக்கும் மேடையில் நடந்த தொடக்க விழா கண்ணைப் பறித்தது. குறை சொல்ல ஒன்றுமில்லை. ஆயினும் 3 கோடியில் பிள்ளைகளைக் கூட்டலாம் என்ற அந்த எளிய கணக்கு முதல் போட்டியிலேயே கைவிட்டுப்போனது.

ஆனால் சிங்கப்பூர் செய்த நல்லவற்றைச் சொல்லாமல் விடுவது நியாயமாகாது. பிள்ளைகள் தங்குவதற்கென்று புதிய நகரம் கட்டவில்லை. நன்யாங் தொழில்நுட்பப் பல்கலைக்கழக விடுதிகளில் 204 நாட்டுக் குழுக்களைச் சேர்ந்த சுமார் 3,600 பேரைத் தங்கவைத்தார்கள். உள்ளூர்ப் பள்ளிகளை வெளிநாடுகளோடு இணைசேர்த்தார்கள். ஒரு பள்ளியின் மாணவர்கள் தங்களுக்கு வாய்த்த நாட்டைப் பற்றிப் படித்து, அந்த நாட்டுக்கென ஒரு சிறு கூடம் அமைத்து, அங்கிருந்து வந்தவர்களை வரவேற்றார்கள். ஜாலான் பசார் அரங்கில் பதினைந்து வயதுக்குட்பட்ட சிங்கப்பூர்ப் பையன்கள் மொண்டெனேக்ரோவை 4-1 என வென்று கால்பந்தில் வெண்கலம் பெற்றபோது ஊர் கொண்டாடியது.

இவை எல்லாவற்றையும்விட எனக்கு முக்கியமாகப் படுவது கலப்பு அணிகள். ஜூடோவில் வெவ்வேறு நாட்டுப் பையன்களையும் பெண்களையும் ஒரே அணியாக்கி, அந்த அணிகளுக்கு டோக்கியோ, எஸ்ஸன், பெல்கிரேடு என்று நகரங்களின் பெயரைச் சூட்டினார்கள். வாள்வீச்சிலும் குதிரையேற்றத்திலும் நீந்தி, மிதிவண்டி ஓட்டி, ஓடி முடிக்கும் டிரையத்லான் தொடரிலும் கண்டவாரியாக அணிகள் அமைந்தன. இப்படிப்பட்ட அணி வென்றால் ஏற்றப்படுவது ஒலிம்பிக் கொடி, ஒலிப்பது ஒலிம்பிக் கீதம். யோசித்துப் பாருங்கள்: நேற்றுவரை முகம் தெரியாத, மொழியும் தெரியாத ஒருத்தி தோற்றால் நான் தோற்கிறேன், அவள் கால் இடறினால் என் நெஞ்சு பதறுகிறது. நல்லிணக்கம் பற்றிய நூறு மேடைப் பேச்சுகள் செய்யமுடியாததை ஒரு தொடர் ஓட்டத்தின் சில நிமிடங்கள் செய்துவிடும். விளையாட்டு உலகை இணைக்கிறது என்று எல்லா விழாக்களிலும் சொல்கிறார்கள். அதை ஆட்ட விதியாகவே எழுதிவைத்த இடம் நானறிந்தவரை அரிது.

அதே சிங்கப்பூரில், அதே நாட்களில், டேக்வாண்டோவில் 48 கிலோ எடைப் பிரிவின் இறுதி ஆட்டத்துக்கு இரானியப் பையன் வரவில்லை. எதிரே நின்றிருக்க வேண்டியவன் இஸ்ரேலியப் பையன். காயம் என்று காரணம் சொல்லப்பட்டது. பதக்கம் வழங்கும் மேடைக்கும் அவன் வரவில்லை. காயம் உண்மையாகவே இருந்திருக்கலாம். ஆனால் இஸ்ரேலியரோடு மோதுவதில்லை என்ற இரானின் நிலைப்பாட்டை அறிந்த எவரும் அதை ஐயமின்றி ஏற்கவில்லை. இதில் எனக்கு இரு பையன்களையும் நினைத்தே வருத்தம். ஒருவன் ஆடாமலே வெள்ளி பெற்றான். மற்றவன் எதிரே ஆளில்லாமலே தங்கம் பெற்றான். பல ஆண்டுப் பயிற்சிக்குப் பிறகு இருவருக்கும் கிடைக்காமல்போனது ஓர் ஆட்டம். பெரியவர்களின் பகை பிள்ளைகளின் பெட்டியில் எப்படியோ ஏறி வந்துவிடுகிறது.

2014இல் நான்ஜிங்கில் வேறொன்று நடந்தது. மேற்கு ஆப்பிரிக்காவில் எபோலா பரவியிருந்த ஆகஸ்ட் மாதம் அது. நோய் கண்ட பகுதியிலிருந்து வரும் பிள்ளைகள் உடலோடு உடல் மோதும் ஆட்டங்களிலும் நீச்சல் குளத்திலும் கலந்துகொள்ளக்கூடாது என்று அமைப்பாளர்களும் ஒலிம்பிக் குழுவும் முடிவெடுத்தனர். மோதும் ஆட்டங்களில் இருவர், நீச்சலில் ஒருவர் என மூன்று பேர் இதனால் தடுக்கப்பட்டனர். சியரா லியோனும் நைஜீரியாவும் போட்டியிலிருந்தே விலகிக்கொண்டன. மருத்துவ எச்சரிக்கையைப் பழிக்க நமக்குத் தகுதியில்லை. கொரோனாவுக்குப் பிறகு அதை நாம் இன்னும் நன்றாகப் புரிந்துகொள்கிறோம். ஆனால் எபோலா, நோய் வெளிப்பட்டவரின் உடல் திரவங்கள் வழியாகப் பரவுவது என்பது அன்றே தெரியும். நலமாக இருக்கும் ஒரு பிள்ளையை, சோதித்துக் கண்காணித்து ஆடவைக்கும் வழியொன்று தேடப்பட்டிருக்க வேண்டும். விருந்தாளியை வாசலில் நிறுத்திவைப்பதற்கு ஓம்புதல் என்று பெயரில்லை.

இனி, பெரியவர்கள் இந்தப் பிள்ளைகளிடமிருந்து எடுத்துக்கொண்டது என்ன என்று பார்ப்போம். சிங்கப்பூரில் சோதித்துப் பார்த்த மூவர் கூடைப்பந்து, ஜூடோ கலப்பு அணி, டிரையத்லான் கலப்புத் தொடர் மூன்றும் 2021இல் நடந்த டோக்கியோ ஒலிம்பிக்கில் இடம்பெற்றன. ஜூடோ கலப்பு அணி இறுதியில் ஜப்பானை அதன் மண்ணிலேயே பிரான்ஸ் வென்றதைப் பலர் பார்த்திருப்பீர்கள். ஆம், பிரான்ஸ். கலப்பு என்பது ஆணும் பெண்ணும் என்ற அளவில் நின்றுவிட்டது. நாடுகளின் கலப்பை வழியிலேயே இறக்கிவிட்டார்கள். தொலைக்காட்சிக்கு உகந்த வடிவத்தை எடுத்துக்கொண்டு, அதை எதற்காகச் செய்தார்களோ அதைப் பிள்ளைகளிடமே விட்டுவிட்டார்கள். இளையோர் போட்டி பெரிய போட்டியின் ஒத்திகைக்கூடமாக ஆகிவிட்டது என்பதற்கு இதைவிட வேறு சான்று வேண்டியதில்லை.

ஒத்திகை மனப்பான்மை நமக்கும் புதிதல்ல. 2008 அக்டோபரில் புனேயின் பாலேவாடி வளாகத்தில் காமன்வெல்த் இளையோர் போட்டி நடந்தது. சாய்னா நேவால் அங்கே தங்கம் வென்றார். பதக்க எண்ணிக்கையில் இந்தியா முதலிடம். ஆனால் அன்று பேச்செல்லாம் 2010 தில்லிக்கு நாம் தயாரா என்பதுதான். வந்திருந்த பிள்ளைகள் யாரோடு பழகினார்கள், எதை எடுத்துச்சென்றார்கள் என்று எழுதியவர்கள் மிகச் சிலர். இப்போது 2036க்கு முன்னோட்டமாக இளையோர் ஒலிம்பிக்கைக் கேட்கும்போதும் அதே தொனி கேட்கிறது. பெரிய வீட்டுக் கல்யாணத்துக்குச் சமையல்காரரைச் சோதிக்க, பக்கத்து வீட்டுப் பிள்ளைகளைக் கூப்பிட்டுப் பந்தி போடுவது போன்றது இது.

கேட்பதானால் புவெனஸ் ஐரிஸைப் பார்த்துக் கேட்கலாம். நாணய மதிப்பு சரிந்து நாடு தத்தளித்த 2018இல்தான் அந்தப் போட்டி நடந்தது. அந்த நேரத்தில் இது தேவையா என்ற கேள்வியில் நியாயம் இருந்தது. ஆயினும் தொடக்க விழாவை அரங்கத்துக்குள் வைக்காமல் நகரின் நடுவே ஒபெலிஸ்க் தூணைச் சுற்றிய தெருவில், யாரும் வந்து பார்க்கலாம் என்று நடத்தினார்கள். ஆட்டங்களையும் மக்கள் கட்டணமின்றிப் பார்த்தார்கள். ஒலிம்பிக் வரலாற்றில் முதன்முறையாக ஆண்களும் பெண்களும் சம எண்ணிக்கையில் போட்டியிட்டார்கள். பிள்ளைகள் தங்கிய குடியிருப்பை நகரின் ஏழைத் தென்பகுதியில் கட்டினார்கள். பின்னர் அது குடும்பங்கள் வாழும் வீடுகளாக ஆவதற்கென்றே திட்டமிடப்பட்டது.

அடுத்த போட்டி செனகலுக்கு வழங்கப்பட்டது. 2022இல் நடக்க வேண்டியது, பெருந்தொற்றினால் தள்ளிப்போய், 2026 அக்டோபர் 31 முதல் நவம்பர் 13 வரை என்று நாள் குறிக்கப்பட்டது. டக்கார், டியாம்னியாடியோ, சாலி என மூன்று இடங்கள். 4,000 பேர் வந்த புவெனஸ் ஐரிஸைவிடச் சிறியதாக, சுமார் 2,700 பேருக்கென்று திட்டம். ஆப்பிரிக்க மண்ணில் ஒலிம்பிக் பெயரில் முதல் போட்டி, அதுவும் மேற்கு ஆப்பிரிக்காவில். நான்ஜிங்கில் குளத்தில் இறங்கவிடாமல் கரையில் நிறுத்தப்பட்ட பிள்ளை இப்போது முப்பதை நெருங்கும் வயதில் இருக்கக்கூடும். டக்காருக்கான அழைப்பிதழ்களில் ஒன்றை அவருக்கு எழுதவேண்டும் என்று யாருக்காவது தோன்றியிருக்குமா?