ஓடுற டனலை நோண்டாதேன்னு சொல்றவங்களுக்கு...

"நல்லாத்தானேய்யா ஓடிக்கிட்டு இருக்கு, அதை ஏன் நோண்டுறே?"

நெட்வொர்க் வேலையில இருக்கற எல்லாருக்கும் பழகின வசனம் இது. கேட்டுக் கேட்டு காது புளிச்சுப் போச்சு மக்களே. இன்னிக்கு ஒரு கை பார்த்துடறதுன்னு உட்கார்ந்துட்டேன்.

முதல்ல ஒரு வாக்குமூலம். 2009ல ஒரு சின்ன கம்பெனிக்கு சென்னை ஆபீஸ் ரூட்டருக்கும் கோவை ஆபீஸ் ரூட்டருக்கும் நடுவுல ஐபிசெக் வி.பி.என். டனல் போட்டுக் கொடுத்தேன். கோவையில ஐபி முகவரி அடிக்கடி மாறும்கறதால அக்ரெஸிவ் மோட். ப்ரீ-ஷேர்டு கீ என்ன தெரியுமா? கம்பெனி பேரு, பக்கத்துல 123! "இப்போதைக்கு டெஸ்ட்டுக்கு" போட்டது. பிங் போச்சு, பில் பாஸாச்சு, கிளம்பிட்டேன்.

போன வருஷம் வேற வேலைக்காகத் திரும்பக் கூப்பிட்டாங்க. ரூட்டர் புதுசு. கான்ஃபிக் மட்டும் பழசுலேர்ந்து அப்படியே காப்பி. அதே கீ! அது தெரிஞ்ச நாலு பேர் நடுவுல வேலையை விட்டுப் போயாச்சு. அவங்க நல்லவங்களா இருக்கறதாலதான் கம்பெனி தப்பிச்சிருக்கு. இதுக்குப் பேரா பாதுகாப்பு?

டனல் "அப்"ல இருக்குன்னா ரெண்டு முனையிலயும் ஒரே சாவி இருக்குன்னு அர்த்தம். அவ்வளவுதான் சாமி. அதே சாவி வேற யார் பையில இருக்குன்னு ரூட்டருக்குத் தெரியாது. இதுல அக்ரெஸிவ் மோட்ல கீயிலிருந்து உருவாகுற ஹாஷ் மறைப்பில்லாமலே வெளியே போகும். அதைப் பிடிச்சுட்டா, வீட்ல உட்கார்ந்து அகராதியை ஓட்டியே கீயைக் கண்டுபிடிச்சுடலாம். கம்பெனி பேரும் 123ம் எத்தனை நிமிஷம் தாங்கும்?

அந்த டனல் ஓடினது ஐகேஇ முதல் பதிப்புல. 1998ல வந்த சமாச்சாரம். ரெண்டாம் பதிப்பு 2005லயே வந்தாச்சு. முதல் பதிப்பை 2023ல ஆர்எஃப்சி 9395 மூலமா அதிகாரபூர்வமாவே ஓரங்கட்டிட்டாங்க. பிபிடிபி கதையும் இதேதான். அதோட பாஸ்வேர்டு முறையை ஒரே நாள்ல உடைக்கலாம்னு 2012ல காட்டினாங்க, 2016ல ஐஓஎஸ் 10லேர்ந்தே தூக்கிட்டாங்க. நாமதான் "ஓடுதில்ல?"ன்னு பெருமையா சொல்லிக்கிட்டு இருக்கோம்.

நோண்டினா பிராஞ்ச் படுத்துடும்னு பயமா? நியாயமான பயம்தான். ஆனா அதுக்கு வழி இருக்கு. சிஸ்கோ ரூட்டர்னா தூரத்து முனையில "ரீலோட் இன் 10" அடிச்சுட்டு, சேவ் பண்ணாம கீயை மாத்துங்க. தொடர்பு அறுந்தாலும் பத்து நிமிஷத்துல ரூட்டர் ரீபூட் ஆகி பழைய கான்ஃபிக்கோட எழுந்துக்கும். சரியா வந்தா "ரீலோட் கேன்சல்", அப்புறம் சேவ். பழைய செஷனை கிளியர் பண்ண மறக்காதீங்க. மறந்தா, தப்பான கீ போட்டிருந்தாலும் அப்போதைக்குத் தெரியாது. லைஃப்டைம் முடியற நேரம், ராத்திரி ரெண்டு மணிக்கு, போன் அடிக்கும்!

ஒரு ஆள் வேலையை விட்டா ஐடி கார்டை வாங்கி வெச்சுக்கறோம். கீயை மாத்த மட்டும் ஏன் கை வரமாட்டேங்குது?

என் பாவத்தை நானே கழுவிட்டேன். நீளமான புது கீ, ஐகேஇ ரெண்டாம் பதிப்பு. மொத்தம் நாப்பது நிமிஷம், டனல் கீழே இருந்தது ரெண்டே நிமிஷம். மேனேஜர் கேட்ட ஒரே கேள்வி:

"நல்லாத்தானே ஓடுச்சு... இதுக்குமா சார் பில்லு?"