நிறம் வந்ததா, இரத்தம் போனதா?

"சுவரை வைத்துத்தான் சித்திரம் எழுத வேண்டும்" என்பது பழமொழி. நம் வீடுகளிலோ, சுவர் வெளிறிப் போவதையே சித்திரம் என்று எண்ணி மகிழ்கிறோம்.

எங்களுள் ஒருத்தி சென்ற ஆண்டு வரவர வெளுத்தாள். "பிள்ளை நல்லா நிறம் வச்சிட்டாளே!" என்று அவளுடைய அத்தை கன்னத்தை வழித்து நெட்டி முறித்தார். மாடிப்படி ஏறினால் அவளுக்கு மூச்சு வாங்கியது, "சோம்பேறி" என்றோம். சிலேட்டுக் குச்சியையும் பச்சரிசியையும் ஒளித்து வைத்துத் தின்றாள், சிரித்தோம். ஒரு நாள் காலை வழிபாட்டின்போது மயங்கி விழுந்தாள். வீட்டில் கயிறு மந்திரித்துக் கட்டினார்கள். டானிக்கும் வாங்கிக் கொடுத்தார்கள். மறுபடியும் விழுந்த பிறகே ஆரம்ப சுகாதார நிலையத்துக்கு அழைத்துச் சென்றார்கள்.

மருத்துவர் அவளுடைய கீழ் இமையை விலக்கிப் பார்த்தார். நாக்கையும் நகத்தையும் பார்த்தார். மாதவிலக்கைப் பற்றியும் சாப்பாட்டைப் பற்றியும் கேட்டார். பிறகு இரத்தம் சோதிக்கச் சொன்னார். ஹீமோகுளோபின் 8.2 கிராம்! எங்கள் வயதுப் பெண்ணுக்கு 100 மில்லி லிட்டர் இரத்தத்தில் 12 கிராமாவது இருக்க வேண்டும் என்பது உலக சுகாதார நிறுவனம் வகுத்த அளவு. அத்தை கண்டது நிறம் அன்று, இரத்தசோகை. நாங்கள் சோம்பல் என்றதும் அதுவே. மண்ணையும் அரிசியையும் தின்னத் தூண்டும் ஆசையும் இரும்புச் சத்துக் குறைவின் அடையாளமாம்.

இது ஒருத்தியின் கதை அன்று. 2019–21 தேசிய குடும்ப நல ஆய்வின்படி, தமிழ்நாட்டில் 15 முதல் 49 வயது வரையுள்ள பெண்களில் 100-க்கு 53 பேர் இரத்தசோகை உள்ளவர்கள். இந்தியா முழுவதும் பெண்களில் 57, ஆண்களில் 25. ஏன் இந்த வேறுபாடு? மாதந்தோறும் இரத்தம் இழப்பது ஒரு காரணம். மற்றொரு காரணத்தைச் சொன்னால் பெரியவர்கள் கோபித்துக்கொள்ளக் கூடாது. முட்டையும் மீனும் முதலில் அப்பாவுக்கும் அண்ணனுக்கும். சட்டியின் அடியில் மிஞ்சியது அம்மாவுக்கும் எங்களுக்கும். இது எந்த நோய்க் கிருமி செய்த வேலை?

"அந்தக் காலத்தில் யார் இரத்தம் சோதித்தார்கள்?" என்று ஆச்சிமார் கேட்கலாம். அந்தக் காலத்தில் நம் கரிசல் காட்டில் கம்மங்கூழும் சோளச் சோறும் உண்டார்கள். கம்பில் வெள்ளை அரிசியைவிடப் பல மடங்கு இரும்புச் சத்து உண்டு. ஆயினும் பிள்ளைப்பேற்றில் மாண்ட தாய்மார் அன்று எத்தனை பேர்! அவர்களுடைய இரத்தத்தையும் யாரும் சோதிக்கவில்லை.

நோயையும் அதன் காரணத்தையும் ஆராய்ந்த பின்னரே மருந்து என்று வள்ளுவர் 'மருந்து' அதிகாரத்தில் சொல்லியிருக்கிறார். இரத்தசோகைக்கும் காரணம் ஒன்றல்ல. வெறுங்காலின் வழியே புகும் கொக்கிப்புழு குடலில் இருந்து இரத்தத்தைக் குடிக்கலாம். பி12 வைட்டமின் குறையலாம். பரம்பரைக் கோளாறும் இருக்கலாம். ஆகவே கடையில் கேட்டு வாங்கும் டானிக் வைத்தியம் ஆகாது. வேம்பார்க் கருப்பட்டியும் பேரீச்சம்பழமும் நல்லவைதாம். ஆனால் 8 கிராமை 12 கிராமாக உயர்த்த அவை மட்டும் போதா. எங்கள் தோழிக்குப் புழு மாத்திரையும் இரும்புச் சத்து மாத்திரையும் கொடுத்தார்கள். அளவு சரியான பிறகும் சேமிப்பு நிரம்புவதற்காகச் சில மாதங்கள் விழுங்க வேண்டும் என்றார்கள். இப்போது அவள் எங்களுக்கு முன்னே மாடி ஏறுகிறாள்.

பெரியவர்களைக் குறை கூறிய நாங்கள் எங்கள் குற்றத்தையும் ஒப்புக்கொள்ள வேண்டும். வாரந்தோறும் தரப்படும் நீல நிற மாத்திரையில் 60 மில்லிகிராம் இரும்புச் சத்தும் ஃபோலிக் அமிலமும் உள்ளன. வயிற்றைப் புரட்டுகிறது என்று எங்களில் எத்தனை பேர் அதை வேப்பமரத்தடியில் வீசினோம்! சாப்பிட்ட பின் விழுங்கினால் குமட்டல் குறையும்; மலம் கறுத்தால் அஞ்ச வேண்டியதில்லை. உணவோடு தேநீர் குடித்தால் இரும்புச் சத்து உடலில் சேர்வது குறையும். நெல்லிக்காயும் எலுமிச்சையும் அதைச் சேர்க்கும்.

அன்புத் தோழியரே, இனி மாத்திரையை மண்ணுக்குக் கொடுக்க மாட்டோம். பெற்றோரே, ஆண்டுக்கு ஒரு முறை எங்களையும் எங்கள் அம்மாவையும் இரத்தப் பரிசோதனைக்கு அனுப்புங்கள். எல்லோரும் ஒரே நேரத்தில் உட்கார்ந்து ஒரே அளவாய் உண்போம். அடுத்த முறை யாரேனும் "பிள்ளை நிறம் வச்சிட்டாளே" என்று சொன்னால் உடனே மகிழ வேண்டாம். முதலில் கீழ் இமையை விலக்கிப் பார்ப்போம்.