பச்சை மண்ணும் நோவறியும்

பிறந்த குழந்தையைப் 'பச்சை மண்' என்று நம் வீட்டுப் பெரியவர்கள் சொல்வதுண்டு. விருத்தாசலத்துப் பீங்கான் கூடங்களைக் கண்டவர்களுக்கு இச்சொல்லின் பொருளை விளக்க வேண்டியதில்லை. அச்சிலிருந்து எடுத்த பொம்மையை அங்குள்ள தொழிலாளர் எத்துணைப் பதமாகக் கையாள்கின்றனர்! ஈரத்தில் நேர்ந்த சிறு கோணலும் சூளையில் வெந்தபின் வெளிப்பட்டுவிடும் என்பதை அவர்கள் அறிவார்கள்.

ஆனால், 37 வாரம் நிறையுமுன் பிறந்துவிட்ட குழந்தையைப் பற்றிப் பேசும்போது மட்டும், "அதற்கு என்ன தெரியும்? குத்தினால் அழும், பின் மறந்துவிடும்" என்று நாம் எளிதாகச் சொல்லிவிடுகிறோம். இதற்காக நம்மை மட்டும் குறை கூறுவதற்கில்லை. நரம்புகள் முதிராத சிசுவுக்கு நோவு தெரியாது என்றே மருத்துவ உலகில் பலரும் நெடுங்காலம் நம்பி வந்தனர். போதிய வலிமருந்தின்றிக் குறைமாதக் குழந்தைகளுக்கு அறுவைச் சிகிச்சையே செய்தனர்.

இந்த நம்பிக்கையை அசைத்தவர்களுள் முதன்மையானவர் நம் நாட்டவர். இந்தூரில் மருத்துவம் பயின்று ஆக்ஸ்ஃபோர்டு சென்ற மருத்துவர் கன்வல்ஜீத் சிங் ஆனந்த், இதய அறுவைக்கு உள்ளான குறைமாதக் குழந்தைகளை ஆராய்ந்தார். வலிமருந்தும் சேர்த்துப் பெற்ற குழந்தைகள் அது பெறாதவர்களைவிட நன்கு தேறியதை 1987-இல் வெளியிட்டார். உலகம் விழித்துக்கொண்டது.

எனினும், அன்றாடச் சிறு குத்தல்கள் தொடர்ந்தன. பாரிஸ் வட்டாரத்தில் 430 பச்சிளங் குழந்தைகளைக் கவனித்து 2008-இல் வெளியான ஆய்வு, முதல் இரு வாரங்களில் ஒரு குழந்தை நாளொன்றுக்குப் பத்து முறை அளவில் நோவு தரும் செயலுக்கு உள்ளாவதைக் காட்டியது. அவற்றில் ஐந்தில் நான்கு பங்குக்கு நோவு தணிக்கும் வழி எதுவும் செய்யப்படவில்லை. குதிகாலில் குத்தி இரத்தம் எடுத்தல், ஊசி ஏற்றுதல், மூக்கில் குழாய் செலுத்துதல், ஒட்டிய பிளாஸ்திரியை உரித்தல் ஆகியவை நமக்குச் சிறியவை. ஒரு கிலோ எடையுள்ள உயிருக்கோ அவை பெரியவை.

ஒவ்வொரு குத்தலுக்கும் மருந்து கொடுத்துக்கொண்டிருக்க இயலாது. அங்கேதான் தாயின் மார்பு மருந்தாகிறது. 1978-இல் கொலம்பியா நாட்டின் பொகொட்டா நகரில், மருத்துவர் எட்கர் ரே சனாப்ரியா, குறைமாதக் குழந்தையைத் தாயின் மார்போடு தோல்பட அணைத்து வைக்கும் முறையைத் தொடங்கினார். 'கங்காரு தாய்ப் பராமரிப்பு' என்று பெயர்பெற்ற இது குளிரையும் நோய்த்தொற்றையும் மட்டுமன்றி நோவையும் தணிக்கிறது. இவ்வாறு அணைக்கப்பட்ட குழந்தைகள் குதிகால் குத்தலின்போது முகம் சுளிப்பது குறைந்ததை, கனடாவில் 2003-இல் வெளியான ஆய்வு மெய்ப்பித்தது. டில்லி சப்தர்ஜங் மருத்துவமனையும் பங்குபெற்று 2021-இல் வெளிவந்த பன்னாட்டு ஆய்வில், பிறந்தவுடனே இம்முறையைத் தொடங்கியதால் இறப்பு நான்கில் ஒரு பங்கு குறைந்தது.

குடும்பத்தார் செய்யக்கூடியவை சில உண்டு. இரத்தம் எடுப்பதற்குக் கால் மணி நேரம் முன்பே குழந்தையை மார்பில் அணைக்க இயலுமா என்று செவிலியரிடம் பணிவோடு கேட்கலாம். உறிஞ்சிக் குடிக்கும் பருவம் வந்திருந்தால், அவ்வேளையில் தாய்ப்பால் ஊட்டலாம். கண்ணாடிப் பெட்டியிலிருந்து எடுக்கக் கூடாத குழந்தையாயின், கைகளை நன்கு கழுவி, செவிலியர் காட்டும் முறைப்படி ஒரு கையால் தலையையும் மறு கையால் மடக்கிய கால்களையும் மெல்ல அணைத்துக்கொள்ளலாம். தாய் களைத்திருந்தால் தந்தையும் பாட்டியும் கூட மார்பில் ஏந்தலாம். இதில் வெட்கப்பட ஏதுமில்லை.

இரண்டு எச்சரிக்கைகள் தேவை. மருத்துவமனையில் நோவு தணிக்கச் சில துளி சர்க்கரைக் கரைசலை அளந்து நாவில் விடுவதுண்டு. அதைக் கேள்விப்பட்டுச் சேனை வைக்கும் வழக்கத்துக்குச் சான்று கிடைத்ததாக எண்ணிவிடக் கூடாது. வீட்டுச் சர்க்கரைத் தண்ணீரும் தேனும் பச்சிளங் குழந்தைக்கு ஆகா. மற்றொன்று, அறுவைச் சிகிச்சை போன்ற கடும் நோவுக்கு மருந்தே வேண்டும். அணைப்பு அதற்கு மாற்றாகாது.

"அழுவதைப் பார்த்தால் பெற்றவள் தாங்கமாட்டாள்" என்று தாயை வெளியே அழைத்துச் செல்லும் உறவினர்களே, சற்று எண்ணிப் பாருங்கள். அந்தக் குரல் தேடுவது அவளைத்தான். வீட்டு வேலையை நீங்கள் ஏற்றுக்கொண்டு, அவளுக்குச் சோறு கொண்டுபோய்க் கொடுத்து, குழந்தையின் அருகில் அமரவிடுங்கள். நீங்கள் செய்யும் அந்த உதவி, மறுநாள் குத்தப்படும் ஊசியின் நோவைக் குறைக்க உதவலாம்.