அபாதான் ஆலையும் நம் நாட்டுச் சிப்பாய்களும்

பிள்ளைகள் வளைகுடாவில் பிழைக்கும் வீடுகளில் எண்ணெய் விலை ஏறினாலும் கவலை, இறங்கினாலும் கவலை. அண்மையில் வேப்பம்பட்டில் ஒரு வலீமா விருந்தில், 1990இல் குவைத்திலிருந்து அம்மான் வழியாக ஒற்றைப் பையோடு ஊர் திரும்பிய பெரியவர் ஒருவர் கேட்டார்: "எண்ணெய்க்காகப் படை வந்தது எங்கள் காலத்தில்தானா தம்பி?"

இல்லை. அதற்கு முக்கால் நூற்றாண்டு முன்பே படை போயிற்று. அதுவும் நம் நாட்டிலிருந்தே போயிற்று.

பாரசீகத்தில் 1908இல் எண்ணெய் கிடைத்தது. ஆங்கிலோ-பாரசீக எண்ணெய்க் கம்பெனி அதனைக் குழாய் வழியே அபாதானுக்குக் கொணர்ந்து சுத்திகரித்தது. ஆற்றின் மறுகரை உதுமானியருடையது. பிரிட்டிஷ் கடற்படை நிலக்கரியை விட்டு எண்ணெய்க்கு மாறிக்கொண்டிருந்த நேரம். கடற்படை அமைச்சர் சர்ச்சிலின் முயற்சியால் 1914இல் அரசே கம்பெனியின் பெரும்பான்மைப் பங்குகளை வாங்கிற்று. வணிகரும் ஆள்வோரும் ஒருவரேயானால் என்ன நேரும் என்பதைக் கிழக்கிந்தியக் கம்பெனியிடம் பாடம் படித்த நமக்கு விளக்க வேண்டியதில்லை.

தேதிகளைக் கவனியுங்கள். இந்தியப் படை பம்பாயில் கப்பலேறியது 1914 அக்டோபர் 16. துருக்கியின் மீது பிரிட்டன் போர் அறிவித்ததோ நவம்பர் 5. மறுநாளே ஃபாவ் முனையில் படை இறங்கியது; அம்மாதமே பஸ்ரா வீழ்ந்தது. அரபுத் தலைவர்களைத் தம் பக்கம் நிறுத்தும் நோக்கமும் இருந்தது, மறுப்பதற்கில்லை. ஆயினும் எண்ணெய் ஆலையைக் காப்பது அப்படைக்கு இடப்பட்ட பணிகளுள் ஒன்று.

பின்னர் மதராஸ் சாப்பர்ஸ் படையினரும் அக்களத்திற்குச் சென்றனர். 1916 ஏப்ரலில் கூத் நகரில் பட்டினியால் வாடிச் சரணடைந்தோர் ஏறத்தாழ 13,000 பேர், பெரும்பாலோர் இந்தியர். கலீஃபாவின் படையை எதிர்த்து முஸ்லிம் சிப்பாய்களே நிறுத்தப்பட்ட வேதனையும் அதில் உண்டு. சிறைப்பட்டோரில் பல்லாயிரவர் திரும்பவில்லை. அவர்களைப் பெற்ற தாய்மார் அபாதான் என்ற பெயரையாவது கேட்டிருப்பார்களா?

1917 மார்ச்சில் பாக்தாதில் நுழைந்த தளபதி மோட், தாம் வெல்ல வரவில்லை, விடுவிக்கவே வந்திருப்பதாக அறிக்கை விட்டார். 1918 அக்டோபர் 30இல் போர்நிறுத்தம் கையெழுத்தானது. அதன் பின்னரே மோசூலையும் பிடித்துக்கொண்டனர். 1927இல் கிர்கூக்கில் எண்ணெய் பீறிட்டது.

பெரியவர் சோற்றுத் தட்டை நகர்த்திவிட்டு, "அப்புறம் 2003இல்?" என்றார். அந்த ஏப்ரலில் பாக்தாத் அருங்காட்சியகம் சூறையாடப்பட்டுக்கொண்டிருந்தது. அமெரிக்கப் படை எண்ணெய் அமைச்சகத்தைக் காவல் காத்து நின்றது.