மரத்தடியில் நின்ற மெசின்



சென்ற மாதம் இப்பகுதியில் தையல் இயந்திரத்தை வீட்டிலேயே துப்புரவு செய்து எண்ணெய் விடுவது பற்றி எழுதியிருந்தேன். அதைப் படித்த ஒரு சகோதரி கிளிநொச்சிப் பக்கமிருந்து கடிதம் போட்டிருந்தார். "தையல் மெசினை நாங்கள் பார்த்துக்கொள்ளுவம் அக்கா. வளவுக்குள்ளே இவருடைய லான்ட்மாஸ்டர் ஒன்று வருசக்கணக்காய்க் கிடக்குது. பழைய இரும்பு எடுக்கிற ஆள் மாதம் ஒருக்கால் வந்து விலை கேட்கிறார். கொடுக்கவும் மனமில்லை, வைத்திருந்து என்ன செய்யிறதென்றும் தெரியவில்லை" என்று எழுதியிருந்தார்.

இதே கேள்வி எங்கள் குடும்பத்திலும் பல வருடங்கள் இருந்தது. ஆகவே இம்மாதம் அதைப்பற்றியே எழுதுகிறேன்.

எங்கள் பெரியண்ணாவிடம் இரண்டு சில்லுக் குபோட்டா மெசின் ஒன்று இருந்தது. அவருடைய ஒன்றரை ஏக்கர் வயலையும் அயலவரின் வயல்களையும் அதுதான் உழுதது. இடம்பெயர்ந்து போனபோது அம்மாவையும் அரிசி மூட்டையையும் சட்டிபானைகளையும் பெட்டியில் ஏற்றிச் சுமந்ததும் அதுதான். 2009 இல் கடைசியாக அதை வீதியோரத்தில் விட்டுவிட்டு நடந்தோம். அண்ணா எங்களோடு வந்து சேரவில்லை. இன்றுவரை தகவல் இல்லை.

மீளக்குடியேறிய பின்னர் மச்சாள் அலைந்து திரிந்து, பதிவுப் புத்தகத்தைக் காட்டி அந்த மெசினை மீட்டெடுத்தார். ரயர்கள் எரிந்திருந்தன. பெட்டி இல்லை. இன்னொருவருடைய உழவு இயந்திரத்தில் ஏற்றிக் கொண்டுவந்து புளியமரத்தின் கீழ் நிறுத்தினார். மழைக்கு ஒரு தறப்பாளைப் போட்டு மூடினார். அவ்வளவுதான். யாரையும் தொடவிடவில்லை. விற்றால் பிள்ளைகளின் படிப்புக்காவது உதவுமே என்று நான் சொன்னபோது, "அவர் வந்து மெசின் எங்கே என்று கேட்டால் நான் என்ன சொல்லுறது மச்சாள்?" என்றார். அதற்கு மேல் பேச முடியவில்லை.

2017 ஆம் ஆண்டு கோடைகாலத்தில் கனடாவில் என் தங்கை வீட்டில் மூன்று மாதம் தங்கியிருந்தேன். ரொறன்ரோவிலிருந்து ஒரு மணித்தியாலம் ஓடவேண்டிய சிறிய ஊர். பக்கத்து வீட்டுக்காரர் ஓய்வுபெற்ற மனிதர். காலையில் தன் கராச்சைத் திறந்துவைத்துக்கொண்டு சிவப்பு நிறச் சின்ன உழவு இயந்திரம் ஒன்றோடு மினக்கெடுவார். நாங்கள் வயலில் பார்க்கிற பெரிய மெசின் அல்ல. வீட்டுத் தோட்டத்துக்கென்று செய்யப்பட்ட, இடுப்பளவு உயரமான நான்கு சில்லு மெசின். பெயர் வீல் ஹோர்ஸ்.

இரண்டாம் உலகப் போருக்குப் பிறகு வட அமெரிக்காவில் நகரங்களின் ஓரங்களில் காணியோடு கூடிய வீடுகள் பெருகின. அந்தக் காணிகளில் புல் வெட்டவும், மரக்கறித் தோட்டத்தை உழவும், பனிக்காலத்தில் பனியைத் தள்ளவும் இந்தச் சிறிய இயந்திரங்கள் வந்தன. வீல் ஹோர்ஸ் கம்பனியை 1946 இல் இந்தியானா மாநிலத்தின் சவுத் பென்ட் நகரில் போண்ட் குடும்பத்தார் தொடங்கினார்கள். 1961 இல் கப் கடெற் வந்தது. 1963 இல் ஜோன் டியர் கம்பனி 110 என்ற இலக்கத்தில் ஒன்றை வெளியிட்டது. கனமான வார்ப்பிரும்பு எஞ்சின் பூட்டப்பட்ட பல மெசின்கள் அறுபது வருடங்கள் கடந்தும் ஓடுகின்றன. அவற்றைத் தேடி எடுத்துத் திருத்தி ஓட்டுவதைப் பொழுதுபோக்காகக் கொண்ட பெரிய கூட்டமே அங்கு இருக்கிறது.

ஆரம்பத்தில் எனக்கு இது வேலையில்லாதவர்களின் விளையாட்டு என்றுதான் பட்டது. எங்கள் ஊரில் ஒரு மெசின் ஓடாவிட்டால் அந்தப் போகமே போய்விடும். இவர்களோ கடையில் மரக்கறி வாங்கிக்கொண்டு, பொழுதுபோக்குக்கு உழுகிறார்கள்! ஒருநாள் தங்கையின் மகளை மொழிபெயர்க்கச் சொல்லி அவரிடமே கேட்டேன். "இது என் அப்பாவின் மெசின். அவர் இருக்கும்வரை என்னைத் தொடவிடவில்லை" என்று சிரித்தார். தகப்பன் இறந்தபின் பத்து வருடம் கொட்டிலில் கிடந்து இறுகிப்போனதாம். "ஓடி ஓடிப் பழுதானதைத் திருத்துவது சுலபம். நிற்கவிட்டுப் பழுதானதைத் திருத்துவதுதான் கடினம்" என்றார். இந்த வார்த்தை எனக்கு மச்சாளின் புளியமரத்தை நினைவூட்டியது.

செப்ரெம்பரில் அவர்களுடைய உழவு நாளுக்கு எங்களையும் கூட்டிப்போனார். அறுவடை முடிந்த வயலொன்றை ஒரு விவசாயி அன்றைக்கு விட்டுக்கொடுக்கிறார். இருபதுக்குக் கிட்டிய பழைய மெசின்கள் ஒற்றைக் கலப்பை பூட்டி வரிசையாக உழுதன. போட்டியோ பரிசோ இல்லை. ஒருவருடைய பெல்ட் அறுந்தால் இன்னொருவர் தன் பெட்டியிலிருந்து எடுத்துக் கொடுக்கிறார். மத்தியானம் எல்லோரும் கொண்டுவந்த சாப்பாட்டைப் பகிர்ந்து உண்டார்கள். வயதான பெண்ணொருவர் காலஞ்சென்ற கணவரின் மெசினில் இருந்து அமைதியாக ஒரு சால் உழுது முடித்து, இறங்கித் தேநீர் குடிக்கப் போனார். நான் அவரையே பார்த்துக்கொண்டிருந்தேன்.

ஊருக்குத் திரும்பியதும் மச்சாளிடம் இதைச் சொன்னேன். பிறகு தயங்கித் தயங்கி, "அண்ணா வந்தால் மெசின் எங்கே என்று கேட்பார் என்கிறீர்கள். இப்படித் துருப்பிடித்துக் கிடக்கிறதைக் கண்டால் என்ன சொல்லுவார்?" என்றேன். அவர் முகம் மாறிவிட்டது. இரண்டு நாள் என்னோடு சரியாகப் பேசவில்லை. மூன்றாம் நாள் பதினேழு வயது மூத்த மகளோடு வந்தார். "திருத்துவம். ஆனால் விக்கிறதில்லை" என்றார்.

2018 தை மாதம் வேலையைத் தொடங்கினோம். எங்கள் அனுபவத்தைக் கடிதம் எழுதிய சகோதரிக்காக வரிசையாகச் சொல்கிறேன்.

முதலில், நீண்டகாலம் கிடந்த எஞ்சினை அவசரப்பட்டுச் சுழற்றக் கூடாது. உள்ளே பிஸ்டன் துருவோடு ஒட்டிப் பிடித்திருக்கும். பலவந்தம் பண்ணினால் உடைவுதான் மிஞ்சும். பெற்றோல் எஞ்சினில் பிளக்கைக் கழற்றிய துவாரத்தால் எண்ணெய் விடுவதாகக் கனடாக்காரர் சொல்லியிருந்தார். எங்களுடையது டீசல். மெக்கானிக் அண்ணை நொசிலைக் கழற்றித் தந்தார். அந்தத் துவாரத்தால் டீசலும் எஞ்சின் ஒயிலும் கலந்து சிறிது விட்டு ஊறவைத்தோம். நாளுக்கு ஒருமுறை மருமகள் பறக்கும் சில்லைக் கையால் மெல்ல அசைத்துப் பார்த்தாள். ஒன்பதாம் நாள் ஒரு விரலளவு அசைந்தது. அவள் போட்ட சத்தத்தில் அயல் வீட்டார் ஓடிவந்துவிட்டார்கள். முதல்முறை எஞ்சினை ஓட்டுவதற்கு முன், விட்ட எண்ணெய் உள்ளே தேங்கி நில்லாமல் வெளியேறும்வரை நொசில் இல்லாமலே சுழற்ற வேண்டும் என்பதையும் நினைவில் வையுங்கள்.

இரண்டாவது, பழைய ஒயிலை வடித்துப் பார்க்க வேண்டும். எங்களுடையது பால்தேநீர் நிறத்தில் இருந்தது. தண்ணீர் கலந்ததன் அடையாளம் அது. முழுவதையும் வடித்துப் புதிய ஒயில் விட்டோம். எரிபொருள் தாங்கிக்குள் சேறும் துருவும் இருந்தன, கழுவிக் காயவைத்தோம். வடியைப் புதிதாக மாற்றினோம். புகைக்குழாய்க்குள் குளவி கூடு கட்டியிருந்தது. காற்று வடியில் பாதியை எலி தின்றிருந்தது.

மூன்றாவது, டீசல் குழாயில் காற்று நின்றால் எஞ்சின் எத்தனை முறை சுற்றினாலும் பற்றாது. பம்புப் பக்கத்து நட்டைச் சிறிது தளர்த்தி, குமிழி நின்று டீசல் மட்டும் ஒழுகும்வரை விட்டு மறுபடி இறுக்க வேண்டும். இதை மருமகள் ஒருமுறை பார்த்தே பழகிக்கொண்டாள்.

நொசிலைச் சோதிப்பது, வால்வு, ரிங்ஸ் போன்றவற்றை மெக்கானிக்கிடமே விட்டோம். தெரிந்ததை நாங்கள் செய்தோம். தெரியாததற்குக் கூலி கொடுத்தோம். ரயரும் பெல்ட்டும் வாங்க எங்கள் மாதர் குழுவில் சிறுகடன் எடுத்தோம்.

நாலாம் முயற்சியில் எஞ்சின் பற்றியது. முதலில் வெள்ளைப் புகை, பிறகு மெல்ல மெல்ல அந்தப் பழைய டுப் டுப் சத்தம். மச்சாள் ஒன்றும் பேசவில்லை. குசினிக்குள் போய்விட்டார். கொஞ்ச நேரத்தில் எல்லோருக்கும் தேநீர் கொண்டுவந்தார். கண் சிவந்திருந்தது.

பிறகு வர்ணம் பூசும் கதை வந்தது. கனடாவிலும் இதில் இரண்டு கட்சி உண்டு. புதிதுபோலப் பூச வேண்டும் என்பவர்கள் ஒருபக்கம், பழைய தோற்றத்தை அப்படியே விட வேண்டும் என்பவர்கள் மறுபக்கம். எங்கள் வீட்டில் மச்சாள் தீர்ப்புச் சொன்னார். மட்காட்டில் அண்ணா ஆணியால் மூத்தவளின் பெயரைக் கீறி வைத்திருந்தார். அந்த இடத்தைத் தவிர்த்து மற்ற எல்லாவற்றுக்கும் பூசினோம்.

இன்றைக்கு அந்த மெசினை மருமகள்தான் ஓட்டுகிறாள். "பொம்பிளைப் பிள்ளை மெசின் ஓட்டுறதோ" என்று கேட்டவர்களின் வயலையும் அவள் கூலிக்கு உழுதிருக்கிறாள். ஓட்டப் பழகும் சகோதரிகளுக்கு மூன்று எச்சரிக்கைகள். ஹாண்டிலால் சுற்றும்போது பெருவிரலை மற்ற விரல்களின் பக்கமாகவே வைத்துப் பிடியுங்கள். எஞ்சின் திருப்பி அடித்தால் கை தப்பும். சுழலும் பெல்ட்டுக்கும் கத்திகளுக்கும் கிட்டச் சேலைத் தலைப்போ, சோலோ, பின்னலோ தொங்கக் கூடாது. செங்குத்தான இறக்கத்தில் பக்கக் கிளச்சைப் பிடிக்காதீர்கள். சமதரையில் இடது கிளச்சைப் பிடித்தால் மெசின் இடதுபக்கம் திரும்பும். இறக்கத்திலோ விடுபட்ட சில்லு வேகமாக உருளுவதால் அது எதிர்ப்பக்கம் திரும்பிவிடும். இதை அறியாமல் விழுந்து காயப்பட்டோர் பலர்.

எங்கள் பக்கத்தில் எந்தக் கம்பனியின் இரண்டு சில்லு மெசினையும் லான்ட்மாஸ்டர் என்றுதானே சொல்கிறோம்? அது இங்கிலாந்தில் நொட்டிங்ஹாமில் இருந்த ஒரு கம்பனியின் பெயர். அவர்கள் 1950களில் செய்து விற்ற அந்தக் கைமெசினை உருவாக்கியவர் எங்கள் நாட்டுப் பொறியியலாளர் ரே விஜேவர்தன. 1924 இல் பிறந்து 2010 இல் காலமானவர். பின்னாளில் அவரே தன் கண்டுபிடிப்பைக் கேள்விக்குட்படுத்தினார். எருமை எரு தரும், பால் தரும், கன்று ஈனும். இயந்திரமோ வெளிநாட்டு எண்ணெயைக் குடிக்கும் என்பது அவருடைய வாதம். உழவைக் குறைத்து, சீமைக்கிளுவை போன்ற மரங்களின் தழையை மண்ணுக்கு இடும்படி வற்புறுத்தி வந்தார்.

2021 இல் இரசாயன உர இறக்குமதி தடைசெய்யப்பட்டபோதும், 2022 இல் டீசலுக்கு நாட்கணக்கில் வரிசையில் நின்றபோதும் அவர் சொன்னதன் பொருள் எங்களுக்கு விளங்கியது. மெசின் இருந்தும் டீசல் இல்லாமல் அது மறுபடி புளியமரத்தின் கீழ் நின்றது. அதிலிருந்து மச்சாள் வேலியெங்கும் சீமைக்கிளுவை நட்டிருக்கிறார். இரண்டு மாடும் வளர்க்கிறார். வீட்டுத் தோட்டத்தை மண்வெட்டியால் கொத்துகிறார். வயலுக்கு மட்டும் மெசின்.

கடிதம் எழுதிய சகோதரிக்கு என் பதில் இதுதான். எஞ்சின் வார்ப்பு வெடித்திருந்தால், கியர்ப் பெட்டி நொறுங்கியிருந்தால், திருத்தும் செலவு உங்களைக் கடனில் தள்ளும். அப்படியானால் விற்றுவிடுங்கள், அதில் துரோகம் எதுவும் இல்லை. விற்பதற்கு முன் நம்பிக்கையான மெக்கானிக் ஒருவரைக் கொண்டு பார்ப்பியுங்கள், ஏனென்றால் இரும்புக்காரர் நிறைக்குத்தான் விலை சொல்வார். பதிவுப் புத்தகத்தைப் பத்திரமாக வைத்திருங்கள். இப்போது முடிவெடுக்க மனம் இடம்தராவிட்டால், பழைய ஒயிலை வடித்துப் புதியது விட்டு, நிலத்தில் படாமல் பலகைமேல் நிறுத்தி, மழை படாமல் மூடி வையுங்கள். முடிவைப் பிறகு எடுக்கலாம். இன்னுமொன்று: காடுகளிலும் துப்புரவு செய்யப்படாத காணிகளிலும் கிடக்கும் பழைய வாகனங்களுக்குக் கிட்டப் போகவேண்டாம். பழைய இரும்பு எடுக்கப் போய் வெடிபொருட்களில் சிக்கியவர்கள் எங்களிடையே இருக்கிறார்கள்.

சென்ற கிழமை மச்சாள் வீட்டுக்குப் போனபோது மருமகள் மெசினைக் கழுவிக்கொண்டிருந்தாள். "உழவில்லாத நாட்களிலும் கிழமைக்கு ஒருக்கால் ஸ்டார்ட் பண்ணுறனான் மாமி. இல்லாட்டி அம்மாவுக்கு நித்திரை வராது" என்றாள். உள்ளேயிருந்து மச்சாளின் குரல் வந்தது: "தண்ணி பார்த்தனியோ பிள்ளை?"

உங்கள் வளவுகளிலும் இப்படி ஏதாவது நின்றால் எனக்கு எழுதுங்கள். அடுத்த மாதம் மண்ணெண்ணெய் நீரிறைக்கும் பம்பை எப்படிப் பராமரிப்பது என்று பார்ப்போம்.