கீறலுக்காக பியானோவைச் சுரண்ட வேண்டாம்

பியானோவின் கருப்பு மூடியில் டியூப்லைட் வெளிச்சம் விழும்போது வட்ட வட்டமாக மயிரிழைக் கோடுகள் தெரியும். யார் கீறியது என்று பிள்ளைகளுக்குத் திட்டு விழும். பெரும்பாலும் அது காய்ந்த துணியால் தினமும் அழுத்தித் துடைத்த கையின் வேலைதான். திண்டிவனம் சாலையில் வண்டி ஓயாத புதுச்சேரி கோரிமேட்டில் ஜன்னலைத் திறந்தாலே தூசி வரும். அதில் மணலும் கலந்திருக்கும். துடைக்கிற துணியே உப்புத்தாளாகிவிடும்.

இந்தக் கோடுகளை எடுக்க வழியுண்டு. யமஹா, கவாய் போன்ற ஜப்பானிய பியானோக்களின் கருப்புப் பளபளப்பு பெரும்பாலும் பாலியெஸ்டர் பூச்சு, தடிமனானது, கடினமானது. 1000, 1500, 2000 என்று வாட்டர் பேப்பரை வரிசையாக மாற்றி, தண்ணீர் விட்டுத் தேய்த்து, பிறகு காம்பவுண்ட் வைத்து பஃபிங் செய்வார்கள். நகம் மாட்டாத கீறலுக்குத்தான் இது செல்லும். நகம் மாட்டினால் அந்தப் பள்ளத்தைப் பாலியெஸ்டர் விட்டே நிரப்ப வேண்டும். மிஷின் ஒரே இடத்தில் நின்றால் சூட்டில் பூச்சு கெடும். விளிம்பில் கொஞ்சம் அசந்தால் மரம் தெரிந்துவிடும். கார் பாலிஷ் போடுகிறவரைக் கூப்பிட்டுப் பியானோவில் கை வைக்கச் சொல்வது விஷப்பரீட்சை. சிலிகான் கலந்த ஸ்பிரே அடித்துவைத்தால் பின்னால் போடும் பூச்சு சரியாகப் பிடிக்காது.

புதுச்சேரியில் கவலைப்பட வேண்டியது பழைய பியானோக்களைப் பற்றித்தான். மதராஸில் இசைக்கருவி விற்ற மிஸ்க்வித் கம்பெனி, அதாவது இன்றைய மியூசி மியூசிக்கல், 1842-இல் தொடங்கியது. அந்த நூற்றாண்டில் ஐரோப்பாவிலிருந்து கப்பலில் வந்திறங்கிய பியானோக்களுக்குப் பளபளப்புத் தந்தது பிரெஞ்சு பாலிஷ். பெயர்தான் பிரெஞ்சு, சரக்கு நம்முடையது: அவலரக்கு. ஜார்க்கண்ட், சத்தீஸ்கர் காடுகளில் பலாச மரத்திலும் குசும் மரத்திலும் பூச்சி சுரக்கும் பிசின் அது. ராஞ்சியில் அதற்கென்றே 1924-இல் ஆராய்ச்சி நிலையம் வந்துவிட்டது.

அவலரக்கை ஸ்பிரிட்டில் கரைத்து, துணிக்குள் பஞ்சு பொதிந்து, சொட்டு எண்ணெய் தொட்டு, பூச்சுக்கு மேல் பூச்சாக இழுப்பார்கள். ஈர டம்ளர் வைத்தால் வெளுத்துப்போகும், சூடும் தாங்காது. ஆனாலும் அதற்கு ஒரு பெரிய குணம் உண்டு. புதுப் பூச்சில் உள்ள ஸ்பிரிட் பட்டதும் பழைய பூச்சு இளகி அதோடு ஒன்றாகிவிடும். அதனால் கீறல் விழுந்த இடத்தை மட்டும் சரிசெய்யலாம். பூச்சு அரக்குதானா என்று அறிய, கண்ணுக்குத் தெரியாத ஒரு மூலையில் ஸ்பிரிட் தொட்ட பஞ்சை வைத்துப் பார்த்தால் போதும். பிசுபிசுவென்று ஒட்டினால் அரக்கு.

அப்படிப்பட்ட பியானோவை முழுக்கச் சுரண்டி மெலமைன் பூச்சோ பியூ (பாலியூரித்தேன்) பூச்சோ அடிப்பது அநியாயம். மேலே ஒட்டியிருப்பது மெல்லிய வெனீர். உப்புத்தாள் மிஷின் போட்டால் அது தேய்ந்தே போகும். சாவிக்கட்டைகளுக்கு மேலே பொன்னெழுத்தில் இருக்கும் கம்பெனிப் பெயரும் தப்பாது. பெயர் போனால் விலையும் போச்சு! தொழிலாளியை மட்டும் குறை சொல்லிப் பயனில்லை. சதுர அடிக் கணக்கில் கூலி பேசினால், விரல் நீளக் கீறலுக்கு யார் அரைநாள் உட்கார்வார்?

பாரம்பரியக் கட்டடங்களுக்குப் புதுச்சேரியில் பட்டியல் இருக்கிறது, அவற்றைப் பேண இன்டாக் அமைப்பு இருக்கிறது. சுவருக்குக் கிடைக்கும் இந்தக் கவனிப்பு கூடத்தில் நிற்கும் பியானோவுக்குக் கிடைப்பதில்லை. அரசுத் தொழிற்பயிற்சி நிலையங்களில் அரக்கு பாலிஷுக்கு ஒரு குறுகிய காலப் பயிற்சி வைக்கலாம். மாணவர்கள் பார்த்துப் பழக, புதுச்சேரி அருங்காட்சியகத்தில் பிரெஞ்சுக் கால மரச்சாமான்கள் இருக்கின்றன. அதுவரை வீட்டுக்காரர்கள் சதுர அடியை விட்டுவிட்டு நாள் கூலி பேசட்டும். கீறலைத் தவிர வேறெங்கும் உப்புத்தாள் படக்கூடாது என்று முன்கூட்டியே சொல்லிவிடட்டும்.